லினக்ஸ் பதிந்தாயிற்று, ஆனால் விண்டோஸ்தான் வருகிறது

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் இரண்டாவதாக லினக்ஸ் நிறுவுகிறோம். முடிந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்கிறது திரை. செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்து நிற்கிறது. எனக்கு முதல்முறை இப்படி ஆனபோது, லினக்ஸ் பதியவே இல்லை என்று நினைத்து மூன்று முறை நிறுவினேன். மூன்று முறையும் அது ஒழுங்காகத்தான் பதிந்திருந்தது. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

கூப்பிட வேண்டியது மதர்போர்டு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல். அதன் பழைய வகையான பயாஸுக்கு வேலை எளிது: டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து ஓட்டும். அதில் 446 பைட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்), மீதி 2 பைட் அடையாளக் குறி. இருப்பது ஒரே நாற்காலி என்பதால், கடைசியாக வந்தவர் முன்னவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்வார். 'முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்' என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

பயாஸுக்குப் பின் வந்த இப்போதைய ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ முறையில் விவரம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, டிஸ்கில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன். ஃபேட்32 முறையில் அமைந்த சின்ன இடம். பல கணினிகளில் 100 எம்பிதான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அதில் தனித்தனி ஃபோல்டர் உண்டு. இன்னொன்று, மதர்போர்டின் அழியா நினைவகத்தில் உள்ள பூட் பட்டியல். எந்தப் பார்ட்டிஷனில், எந்த ஃபோல்டரில், எந்தக் கோப்பு என்ற முகவரியும், யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசையும் அங்கேதான் இருக்கும். கோப்பு பத்திரமாக இருந்தாலும் முகவரி விட்டுப்போனால் ஃபர்ம்வேர் எட்டிப் பார்க்காது.

ஆகவே முதலில் கணினியை ஆன் செய்தவுடன் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் ஒன்று. பட்டியலில் லினக்ஸ் பெயர் இருந்து, தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டால் வரிசையை மாற்றினால் போதும். பெயரே இல்லையென்றால், பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான க்ரப்பை மட்டும் மறுபடி நிறுவுங்கள்.

என் கதையில் கோளாறு பென்டிரைவைத் தொடங்கிய விதத்தில் இருந்தது. மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டு ஒன்று, வெறும் பெயராக ஒன்று. நான் வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அது பழைய பயாஸ் வழி. அந்த வழியில் போனால் பூட் பட்டியலைத் தொடும் வசதியே நிறுவும் நிரலுக்கு இருக்காது. அது க்ரப்பின் தொடக்கத் துண்டைப் பழையபடி அந்த 446 பைட்டில் எழுதிவிட்டுப் போக, ஃபர்ம்வேர் புதிய வழியில் விண்டோஸைத் தேடிப் போனது.

நிறுவும் நிரல் டிஸ்கையே காட்டாவிட்டால் கதை வேறு. இன்டெல் கணினிகளில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு டிஸ்கைத் தனக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கலாம். ஃபர்ம்வேர் அமைப்புத் திரையில் அதை ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழக்கூடும். அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் முறையில்) நடக்கும்படி முதலில் விண்டோஸில் அமைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கப் போகிறீர்களா? விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதியால் பூட்டியிருந்தால், தொடக்க அமைப்பு மாறியதைக் கண்டு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

சரி, இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியவில்லையா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, டிரைவைப் பிடித்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். கடிகாரம் மணிக்கணக்கில் தவறுகிறதென்றால், மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.