‘பழகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள்

காது இரைகிறது என்று இந்த மாதம் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். நக இடுக்கில் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்க, எதிரில் வந்து உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டபடியே, தாளத்தைக் கோடாகவும் சுருதியை நிறமாகவும் ஆக்கிப் படம் வரைகிறவர். இரவில் படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம், நிற்கவே மாட்டேன் என்கிறதாம். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராம் எடுத்தோம். சீராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக விழுந்து, 8000-இல் மறுபடி கொஞ்சம் ஏறியது. அதிகச் சத்தத்தில் அடிபட்ட காதுகளில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் பள்ளம் இது. வயது 26.

“ஹெட்போனில் எவ்வளவு வைப்பீர்கள்?”

“முழுசாத்தான் டாக்டர். முதல்ல கொஞ்சம் குத்தும், அப்புறம் பழகிடும்.”

இந்தப் ‘பழகிடும்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உள்ளங்கை காய்த்துப் போவது போலக் காது காய்த்துப் போகாது. அரை மணி நேரத்தில் சத்தம் குறைந்த மாதிரித் தோன்றுகிறதே, அது உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் களைத்துவிட்டதற்கான அடையாளம். வரைந்து முடித்து எழுந்ததும் காது பஞ்சடைத்தது போல இருக்கிறதல்லவா? அதுவும் அதே களைப்புதான். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். நீங்களோ, பாட்டு மங்கிவிட்டது என்று இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுகிறீர்கள். மறுநாளும் அதையே செய்கிறீர்கள். செத்த செல் திரும்ப முளைக்காது. அதை முளைக்க வைக்க என்னிடம் மாத்திரையும் இல்லை.

சத்தம் அதிரவில்லை என்றால் படம் வராது என்பார்கள். 1911 தொடக்கத்தில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷேன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் ஓவியர் காண்டின்ஸ்கி அந்தக் கச்சேரியை மஞ்சளும் கறுப்புமாகத் தீட்டினார். பியானோ, வயலின் குழு, பாட்டு. ஒலிபெருக்கி எதுவும் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 95-க்குப் போனால் வாரம் முழுமைக்கும் ஒன்றே கால் மணி நேரம்தான். நீங்கள் ஒரே மூச்சில் நாலு மணி நேரம் உட்காருகிறீர்கள்.

இன்னொன்று, ஓவியர்கள் யாரும் கேட்காதது: தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் என்ற கரைப்பான்கள் இரண்டும் காதுக்கும் ஆகாதவை. சத்தத்தோடு சேர்ந்தால் கெடுதல் இன்னும் அதிகம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தின்னர் டப்பாவை மூடி வையுங்கள்.

வெளிச் சத்தத்தை அடக்கும் ஹெட்போன் இருந்தால் பாட்டைக் குறைத்தே கேட்கலாம். மணிக்கொரு தரம் கழற்றி வைத்துவிட்டுப் படத்தைத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், தயவுசெய்து, தூரிகையைத் தொடும் முன்பே சத்தத்தைப் பாதி அளவைவிடக் கொஞ்சம் மேலே வைத்து நிறுத்திவிடுங்கள். கை முழுக்கப் பெயின்ட் ஆன பிறகு யாரும் போனைத் தொட்டுக் குறைப்பதில்லை.