ஃபிளேஞ்சை 'விளிம்பு' ஆக்காதீர்கள்

'குருட்டு விளிம்பு'. மொழிபெயர்த்த கையேடு ஒன்றில் இதை மறுபடியும் பார்த்ததும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். அவர்கள் சொல்ல வந்தது பிளைண்ட் ஃபிளேஞ்சு, அதாவது குழாயின் வாயைப் போல்ட் போட்டு மூடும் கனத்த வட்டத் தட்டு.

குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்க முனையில் பொருத்தும் வட்டத் தட்டுதான் ஃபிளேஞ்சு. அது ஆங்கிலச் சொல். விலாப்பக்கத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பார்கள். பக்கவாட்டில் புடைத்து நிற்பது என்பது கருத்து. வரலாறு இவ்வளவு போதும்.

ரயில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காக்கும் புடைப்புக்கும் இதே பெயர்தான். அங்கே விளிம்பு என்றால் சரி, அது சக்கரத்தின் ஓரமேதான். குழாயில் கதை வேறு. இது தனியாகச் செய்து, தனியாக வாங்கி, குழாய் முனையில் பொருத்தும் உருப்படி. இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கொடுத்து, போல்ட்டை முறுக்குகிறோம். விளிம்பை யாராவது தனியாகக் கையில் தூக்க முடியுமா? தவிர, இந்த உருப்படிக்கே ஓர் ஓரம் இருக்கிறது. அதை 'விளிம்பின் விளிம்பு' என்பதா? கேஸ்கட் உட்காரும் பரப்பை முகம் என்கிறோம். தட்டுக்கு முகம் உண்டு, விளிம்புக்கு ஏது முகம்?

'இணைப்புத் தட்டு' என்பது என் கட்சி. வகை சொல்லும்போது 'தட்டு' மட்டும் போதும். பிளேட்டோடு குழம்பாதா என்று கேட்பார்கள். பிளேட்டுக்குத்தான் தகடு இருக்கிறதே.

இனி வகைகளைப் பாருங்கள். வெல்ட் நெக் என்பது கழுத்துத் தட்டு. சரிந்து மெலியும் கழுத்து, குழாயோடு முனைக்கு முனை பற்றவைக்கப்படுவதால் அழுத்தமும் வெப்பமும் மிகுந்த இடத்துக்கு இதுதான். ஸ்லிப் ஆன் என்பது குழாய்மேல் கோத்து, உள்ளும் புறமும் பற்றவைப்பது. குறைந்த அழுத்தத்துக்குப் போதும். அது கோவைத் தட்டு. சின்னக் குழாய்களுக்கான சாக்கெட் வகை குழித் தட்டு. பற்றவைக்கக் கூடாத இடத்தில் திருகி மாட்டுவது மரைத் தட்டு. மரை என்றால் திருகின் புரி, பட்டறையில் இன்றும் புழங்கும் சொல், அதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறார்கள்.

லேப் ஜாயிண்டை 'மடி மூட்டு' என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. குழந்தையை உட்காரவைக்கும் மடியா அது? குழாய் முனையில் வெளிப்புறம் மடித்துவிட்ட உதட்டுக்குப் பின்னால் வளையம் பற்றவைக்காமல் சுழல்கிறது. போல்ட் துளைகளை நேராக்குவது எளிது, அடிக்கடி கழற்றும் இடத்துக்கு வசதி. சுழல் தட்டு என்றால் பார்த்ததும் புரியும்.

பிளைண்டுக்கு மூடு தட்டு. நம் பேச்சில் குருட்டு யோகம், குருட்டு நம்பிக்கை உண்டு. துளை இல்லாததைக் குருடு என்பது ஆங்கிலக்காரர் கற்பனை. ஊசித் துளையே அவர்களுக்குக் கண், நமக்குக் காது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை ஒட்டிவிட்டு நகர்கிற மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் எங்கே யோசிக்கப்போகிறார்?

தமிழ்ச்சொல் பிடிக்கவில்லையா, ஃபிளேஞ்சு என்றே எழுதுங்கள், சண்டை இல்லை. விளிம்பு மட்டும் வேண்டாம். பற்றவைப்பதற்காகக் குழாய் முனையைச் சரிவாகச் சீவுகிறோமே, அதுதான் விளிம்பு. 'விளிம்பைச் சரிபார்' என்று எழுதினால் ஃபிட்டர் அதைத்தான் தடவிப் பார்ப்பார்.