மறுநாள் எடுத்துப் பார்க்கும் கார்டை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு பெண் லேபில் என் எதிரே உட்கார்ந்து அழுதார். வீட்டில் பிரெக்னன்சி கார்டு போட்டுப் பார்த்திருக்கிறார், ஒரே கோடு. குப்பையில் போட்டுவிட்டார். மறுநாள் வீடு கூட்டும்போது மாமியார் கண்ணில் பட்டிருக்கிறது, இரண்டாவது கோட்டோடு. சொந்தக்காரர் வீடு வரை இனிப்பு போய்விட்டது. ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்த்தேன், கர்ப்பம் இல்லை. இந்த வருடம் இது நான்காவது ஆள்.

பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சிவப்புக் கோடு சாயம் இல்லை, தங்கம். சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள். அவ்வளவு பொடியான தங்கம் மஞ்சளாகத் தெரியாது. அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சும். தங்கக் கரைசலின் சிவப்புக்கு நுண்துகள்களே காரணம் என்று 1857-லேயே ஃபாரடே விளக்கிவிட்டார்.

சிறுநீரில் அந்த ஹார்மோன் இருந்தால்தான் இந்தத் துகள்கள் இரண்டாவது கோட்டில் வந்து ஒட்டும். கார்டு காய்ந்த பிறகு தெரியும் சாம்பல் நிறத் தடத்தில் தங்கமே கிடையாது, ஈரம் போன சுவடு அது. சில சமயம் மிச்சத் துகள்கள் தாமதமாக வந்து படிந்து லேசாகச் சிவக்கவும் செய்யும். அதையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

"கோடு மங்கலா இருக்கு மேடம், அப்போ இல்லதானே?" எத்தனை தடவை சொல்வது! அட்டையில் போட்ட நேரத்துக்குள் சிவப்பாக வந்தால், மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். நாள் குறைவாக இருக்கலாம், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்திருக்கலாம். அழுத்தமாக வந்தால் இரட்டைக் குழந்தை என்பதும் தப்பு. ஹார்மோன் மிக மிக அதிகமானால் கோடு மங்குவதும் உண்டு. துகளிலும் கோட்டிலும் ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி ஹார்மோன்கள் பிடித்துக்கொள்ளும். ஒட்ட இடமில்லாமல் தங்கம் ஓடிப்போய்விடும். கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு கொத்தாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் இப்படி ஏமாந்தவர்கள் உண்டு. கோட்டின் கருமையை அளவுகோலாக்காதீர்கள்.

காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அட்டையில் 5 நிமிடம் என்றால் போனில் அலாரம் வையுங்கள், நேரம் முடிந்ததும் படம் எடுத்துவிட்டுக் கார்டை எறியுங்கள். கார்டு வேலை செய்ததைக் காட்டுவது 'சி' கோடு, அது வராவிட்டால் அந்த முடிவு செல்லாது. வெயிலில் கிடந்த காரில் வைத்திருந்ததைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது கோடு வரவில்லை, மாதவிடாயும் வரவில்லை என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள், அல்லது ரத்தம் கொடுங்கள்.

இரண்டு கோடு வந்திருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியோ ரத்தக்கசிவோ இருந்தால், கரு, கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். கார்டுக்கு அது தெரியாது. தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.