நிதி மசோதாவின் கடைசிப் பக்கங்களில் என்ன இருக்கிறது?

2018 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையோடு நாடாளுமன்றத்துக்கு வந்த நிதி மசோதாவில், வரிக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு சிறு திருத்தம் இருந்தது. 2016ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் ‘2010 செப்டம்பர் 26’ என்று இருந்த ஒரு தேதியை ‘1976 ஆகஸ்ட் 5’ என்று மாற்றியது அது. தேதிதானே என்று கடந்துபோய்விடக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கியதற்காக இரண்டு பெரிய கட்சிகள் மீது நீதிமன்றம் சொன்ன குற்றத்தின் அடிப்படையையே அகற்றுவதற்கான தேதி அது.

2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடமிருந்து பாஜகவும் காங்கிரஸும் நன்கொடை வாங்கியது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு முரணானது என்றது அந்தத் தீர்ப்பு. தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த ஸ்டெர்லைட்டும் அந்த நிறுவனங்களில் ஒன்று. பாதிக்கு மேல் பங்குகள் வெளிநாட்டவரிடம் இருந்தால், இந்தியாவில் பதிவான நிறுவனமும் வெளிநாட்டு நன்கொடையாளர்தான் என்பது அன்றைய சட்டம். நடவடிக்கை எடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது.

நடவடிக்கை வரவில்லை, சட்டத் திருத்தம் வந்தது. அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள் வெளிநாட்டு முதலீடு இருந்தால் அந்த நிறுவனம் வெளிநாட்டு நன்கொடையாளர் ஆகாது என்று 2016 நிதிச் சட்டம் வரையறையை மாற்றியது. அதுவும் 2010 முதலே அமலில் இருந்ததாக முன்தேதியிட்டு. ஆனால் வழக்கில் சொல்லப்பட்ட நன்கொடைகள் அதற்கும் முந்தையவை, பழைய 1976 சட்டத்தின் காலத்தவை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2018 திருத்தம். 1976 ஆகஸ்ட் 5, அந்தப் பழைய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். 2018 மார்ச் 14 அன்று மக்களவை அந்த ஆண்டின் நிதி மசோதாவை விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது.

இந்தத் திருத்தம் ஏன் தனி மசோதாவாக வராமல் வரிச் சட்டத்துக்குள் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நிதி மசோதாவுக்கு இருக்கும் சலுகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டு நிதி மசோதா, ‘பண மசோதா’ என்ற வகையில் கொண்டுவரப்படுகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 110ஆவது உறுப்பு, பண மசோதா எது என்று வரையறுக்கிறது. வரி விதிப்பு, வரிக் குறைப்பு, அரசு வாங்கும் கடன், அரசின் வரவுகள் சேரும் தொகுப்பு நிதியில் பணம் போடுவதும் எடுப்பதும், இவற்றைச் சார்ந்த துணை விஷயங்கள் ஆகியவற்றை மட்டுமே கொண்ட மசோதா அது. அப்படிப்பட்ட மசோதா மாநிலங்களவைக்குப் போனால், அங்கே 14 நாட்களுக்குள் பரிந்துரைகள் சொல்லலாம். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஒரு மசோதா பண மசோதாவா என்ற கேள்வி எழுந்தால் மக்களவைத் தலைவரின் முடிவே இறுதியானது என்று அதே உறுப்பு சொல்கிறது. வரியோடு வேறு விஷயங்களும் கலந்த மசோதாவுக்கு 117ஆவது உறுப்பில் தனி வழி இருக்கிறது. அதில் மாநிலங்களவையின் முழு அதிகாரமும் அப்படியே நிற்கும். மேலவையில் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு எந்த வழி வசதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வசதி காலம். நிதிநிலை அறிக்கை நாளிலேயே அமலாகும் சுங்க, கலால் வரி மாற்றங்கள் 75 நாட்களுக்குள் சட்டமாகாவிட்டால் காலாவதியாகிவிடும். அதனால் நிதி மசோதாவை யாரும் தள்ளிப்போட முடியாது. மக்களவையிலேயே தோற்றால் அரசே கவிழும். இவ்வளவு உறுதியாகக் கரை சேரும் மசோதா ஆண்டில் வேறில்லை.

2017இல் இது உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டின் நிதி மசோதா ரிசர்வ் வங்கிச் சட்டத்தையும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் திருத்தி, வங்கியில் வாங்கிக் கட்சிகளுக்கு நன்கொடையாகத் தரும் தேர்தல் பத்திரங்களுக்கு வழி திறந்தது. மார்ச் மாதத்தில், விவாதம் முடியும் தறுவாயில், மேலும் பல பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்று நிறுவனங்கள் சட்டத்தில் இருந்த வரம்பு நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் பெயர் குறிப்பிட வேண்டிய கடமையும் போனது. கூடவே பல தீர்ப்பாயங்கள் இணைக்கப்பட்டன. பதிப்புரிமை வாரியத்தின் வேலை சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாறியதும் அப்போதுதான். பதிப்புரிமை வழக்கை யார் விசாரிப்பது என்பதற்கும் வருமான வரிக்கும் என்ன உறவு? மாநிலங்களவை, நிறுவன நன்கொடைக்கு வரம்பு வேண்டும் என்பது உட்பட ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. மறுநாள் மார்ச் 30 அன்று மக்களவை ஐந்தையும் நிராகரித்தது.

இப்படி வந்தவை எல்லாமே தீயவை அல்ல. வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் பணக் கொள்கைக் குழு 2016 நிதிச் சட்டத்தின் வழியாகத்தான் பிறந்தது. பண்டங்களின் முன்பேர வணிகத்தைக் கண்காணித்த முன்பேரச் சந்தை ஆணையம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியுடன் இணைந்தது 2015 நிதிச் சட்டத்தால். ஆனால் நல்ல மாற்றத்துக்கும் தனி மசோதா, நிலைக்குழு ஆய்வு, இரு அவைகளின் வாக்கு ஆகியவை உரியவையே. அவற்றைத் தவிர்த்துப் பழகிய பாதையில்தான் தேர்தல் பத்திரமும் வந்தது.

அந்தப் பத்திரங்கள் வழியாக 16,000 கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாமலே கட்சிகளுக்குப் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது என்று அத்திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. ஆனால் பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்ற கேள்விக்குள் அந்தத் தீர்ப்பு போகவில்லை. 2017இன் தீர்ப்பாயப் பிரிவுகளை விசாரித்த அமர்வு, 2019 நவம்பர் 13 அன்றே அந்தக் கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு முன் 2018 ஆதார் வழக்கில், நான்கு நீதிபதிகள் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாக ஏற்றபோது, நீதிபதி சந்திரசூட் மட்டும் அது அரசியலமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று எழுதினார். என் கண்ணில் சரியான இடத்தில் நின்றவர் அவர்தான்.

அடுத்த நிதி மசோதா வரும்போது நாமே பார்க்கலாம். மசோதா முழுவதும் மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை இணையதளத்தில் அன்றே வெளியாகிறது. வரி விகிதம், நேரடி வரி, மறைமுக வரி ஆகிய அத்தியாயங்களைத் தாண்டி, ‘பல்வகை’ என்று தலைப்பிட்ட கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். எந்தெந்தச் சட்டங்கள் திருத்தப்படுகின்றன, எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். முன்தேதி இருந்தால், அந்தத் தேதிக்கு அருகில் யாருடைய வழக்கு நிலுவையில் இருந்தது என்று தேடுங்கள்.

பிறகு மார்ச் மாதத் திருத்தங்கள். மசோதாவின் எல்லைக்கு வெளியே உள்ள திருத்தத்தை மக்களவை நடைமுறை விதி 80 அனுமதிப்பதில்லை. ஆகவே அத்தகைய புதிய பிரிவைச் சேர்க்கும்போது, அந்த விதியை நிறுத்திவைக்கும்படி விதி 388இன் கீழ் அமைச்சரே அவையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் அவைக்குறிப்பில் பதிவாகின்றன.