வேக்போர்டு படகில் எதற்காக எடை ஏற்றுகிறார்கள்?

படகு ஓட்டுகிறவர்கள் பொதுவாக எடையைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். வேக்போர்டு ஆடுகிறவர்கள் மட்டும் 2 டன் படகில் இன்னும் ஒரு டன் வரைக்கும் தண்ணீரை ஏற்றி, வேண்டுமென்றே அமிழ்த்தி ஓட்டுகிறார்கள். காரணம் சுலபம். படகு கயிற்றில் இழுத்துக்கொண்டு போக, பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருகிறவருக்குப் படகு எழுப்பும் அலைதான் எகிறிக் குதிக்கிற மேடை. அந்த அலையை 'வேக்' என்கிறார்கள். எவ்வளவு எடை ஏற்றலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் அந்த எடையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் அதைவிட முக்கியம்.

மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிறது. ஓடும்போது அப்படி ஒதுங்கிய தண்ணீர், படகு கடந்துபோனதும் விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்ப இரு பக்கமும் அடியிலும் இருந்து ஓடிவந்து, மோதி, மேலெழும்பி, அலையாக விரிகிறது. பள்ளம் ஆழமானால் அலையும் பெரிது. சிக்கல் என்னவென்றால், வேகம் கூடக்கூட தண்ணீர் படகின் அடிப்பாகத்தை மேலே தூக்கிவிடுகிறது, படகு கிட்டத்தட்ட மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகிறது, பள்ளம் சிறுத்துவிடுகிறது. மணிக்கு 55, 58 கிலோமீட்டரில் போகிற வாட்டர் ஸ்கீ பந்தயத்துக்கு அதுதான் வேண்டும், அங்கே அலையே எதிரி. வேக்போர்டு நடப்பது சுமார் 30 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்திலும் படகு மேலே ஏறிவிடாமல் அழுத்திப் பிடிக்கத்தான் எடை.

தண்ணீருக்குள் தண்ணீரை வைத்தால் எடை எப்படிக் கூடும் என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தண்ணீரை நிரப்பி வைக்கிற பையோ தொட்டியோ படகுக்குள் இருக்கிறது, படகின் சுவர் அதை வெளித்தண்ணீரிலிருந்து பிரிக்கிறது, அதனால் 900 லிட்டர் என்றால் முழுசாக 900 கிலோவும் படகின் மேல்தான். 21 அடிப் படகுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், நிற்கும்போது 9 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக அமிழும். பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் ஓடத்தொடங்கியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, எங்கே வைப்பது? எல்லாவற்றையும் பின்பக்கம் போட்டால் பின்புறம் ஆழ அமிழ்ந்து அலை உயரமாக, செங்குத்தாக எழும். ஆனால் அளவு மீறினால் அலையின் உச்சி நிற்காமல் உடைந்து வெள்ளை நுரையாகச் சரியும், அதில் ஏறினால் பலகைக்குப் பிடிப்பே கிடைக்காது. முன்பக்கம் எடை கூட்டினால் படகு மட்டமாக ஓடும், அடிப்பாகத்தில் அதிக நீளம் தண்ணீரில் இருக்கும், ஒதுங்குகிற தண்ணீர் அந்த நீளத்தில் பரவிவிடும், அலை கொஞ்சம் தணிந்து நீளமான சரிவாக மாறும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தச் சரிவுதான் நல்லது என்பது என் எண்ணம், தூக்கி எறியாமல் படிப்படியாக மேலே ஏற்றிவிடும். இன்றைய வேக்போர்டு படகுகள் பலவற்றில் வி-டிரைவ் அமைப்பினால் இயந்திரமே பின்பக்கம்தான் இருக்கிறது, அதனால் பின்பகுதி ஏற்கெனவே கனம். இருந்தும் எடை வாங்கியவுடன் எல்லாரும் பின்னாலேயே கொண்டுபோய் அடுக்குகிறார்கள்.

இடம் வலம் சமமாக இருப்பதும் அவசியம். கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு பக்க அலைகளும் ஒத்துவராது, ஓட்டுநர் உட்காரும் பக்கத்தையும் நண்பர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், நான்கு பேர் இடம் மாறினாலே ஏறக்குறைய 280 கிலோ நகர்கிறது. கயிற்றை விட்டுவிட்டு அலையிலேயே மிதந்து வருகிற வேக்சர்ஃபிங் வேறு கதை, அங்கே ஒரு பக்க அலை போதும் என்பதால் வேண்டுமென்றே சாய்த்து, மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டரில் மெதுவாக உழுதுகொண்டு போவார்கள்.

அலை நுரைத்து உடைகிறதா? எடையைத் தொடும் முன் வேகத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே அலை சுத்தமாகிவிடும்.

எதை ஏற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முடிந்தவரை தண்ணீர்தான். ஈயம் தண்ணீரைப்போல 11 மடங்கு அடர்த்தி, சின்ன இடத்தில் நிறைய எடை அடங்கும், வசதிதான். ஆனால் படகுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் தண்ணீர்ப் பை கிட்டத்தட்ட எடையற்றதாகிவிடும், ஈயமோ படகைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பைகளை முழுசாக நிரப்புங்கள். குறைகுடம் தளும்பும் என்பது இங்கே பௌதிகம், பாதிப் பையில் தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். முன்பக்கம் அதிகம் ஏற்றினால், திரும்பிவரும்போது சொந்த அலையிலேயே படகு மூக்கைக் குத்தித் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். படகில் பொறித்திருக்கும் எடை வரம்பில் ஆட்களும் சேர்த்திதான், அதை ஒருபோதும் தாண்டக் கூடாது.

பெரிய அலை கரையையும் போய்த் தாக்கும். உயரம் இரட்டித்தால் அலையின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் படகின் அலை 200 அடியில் அடங்குகிற அளவுக்கு வேக்சர்ஃப் படகின் அலை அடங்க 500 அடிக்கு மேல் தேவை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024 முதல் இந்த விளையாட்டுகளைக் கரையிலிருந்து 500 அடி தள்ளி, குறைந்தது 20 அடி ஆழத்தில்தான் அனுமதிக்கிறது.

அப்புறம் படகில் எடைக்காக ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கப்பல்கள் நிலையாக நிற்க அடியில் ஏற்றிக்கொள்ளும் பேலஸ்ட் தண்ணீரில் வந்த வரிச்சிப்பிகள் 1988-ல் வட அமெரிக்கப் பேரேரிகள் பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு ஏரி ஏரியாகப் பரவின. எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பியும் கப்பல் வழியாகவே வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது, அது இறாலின் இடத்தையும் உள்ளூர் மட்டிகளின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேக்போர்டு படகின் தொட்டிகளைப் பம்ப் வைத்து இறைத்தாலும் அடியில் கொஞ்சம் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளுக்கு அது போதும். அதனால்தான் வெர்மான்ட்டில் இப்படிப்பட்ட படகுக்கு வருஷத்துக்கு ஒரே ஏரி, வேறு ஏரிக்குப் போக வேண்டுமென்றால் அனுமதி பெற்ற இடத்தில் தொட்டிகளைச் சுத்திகரித்துவிட்டுத்தான் போக முடியும்.