வர்த்தமானியில் வந்துவிட்டால் முடிந்ததா?

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். காணி தொடர்பான அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ்) ஒன்றைப் பொலித்தீன் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "ஜனாதிபதியே கையெழுத்து வைத்துவிட்டார். அரசியலமைப்புக்கு அவர் சொல்வதுதானே அர்த்தம்? அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டேன், சேர்" என்றார். திகதியைப் பார்த்தேன். 46 நாள் கடந்திருந்தது.

என்னிடம் வழக்கோடு வரும் எத்தனை கட்சிக்காரரிடம்தான் இதே பேச்சைக் கேட்பது! இல்லை ஐயா. அரசியலமைப்புக்குப் பொருள்கோடல் செய்யும், அதாவது அதன் அர்த்தம் இதுதான் என்று தீர்மானிக்கும், நியாயாதிக்கம் 125ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. ஜனாதிபதி அதை வாசிக்கலாம், தமக்கு விளங்கியபடி நடக்கலாம். விளங்கியது சரியா என்று தீர்ப்புச் சொல்ல அவரால் முடியாது.

2018ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? தமது பதவிக்காலம் ஐந்து வருடமா ஆறா என்று அந்த ஜனவரியில் இலங்கையின் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்குச் சந்தேகம் வந்தது. 129ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது. கேட்கத் தெரிந்த அதே மனிதர் நவம்பர் 9ஆம் திகதி கேட்காமலே பாராளுமன்றத்தைக் கலைத்தார். கலைக்கும் அதிகாரம் 33ஆம் உறுப்புரையில் இருக்கிறதாம். இருக்கிறதுதான். ஆனால் முதல் அமர்விலிருந்து நாலரை வருடம் முடியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் இல்லாமல் கலைக்க முடியாது என்று 70ஆம் உறுப்புரை சொன்னதே! (இப்போது அது இரண்டரை வருடம்.) அப்போது மூன்று வருடமும் இரண்டு மாதமும்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வாதாட வரும் கனிஷ்ட சட்டத்தரணியை நாங்கள் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டுவோம். வர்த்தமானி அச்சாகி, 2019 ஜனவரி 5 தேர்தல் என்று நாளும் குறித்தாயிற்று. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அதைச் செல்லாததாக்கினார்கள்.

ஆகவே, உங்களைப் பாதிக்கும் அறிவித்தல் வந்தால் அந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம்தான். ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலையும் எதிர்க்கலாம். மனுவில் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராகக் குறிப்போம், அது எங்கள் வேலை. கொழும்புக்குப் போகக் காசில்லை என்றால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலாவது முறைப்பாடு கொடுத்துவிடுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. தயவுசெய்து கடிதங்களின் பிரதியைத் தொலைக்காதீர்கள், நீதிமன்றம் சான்று கேட்கும்.

பொலித்தீன் உறையோடு வந்தவர் ஆணைக்குழுவுக்கும் போகவில்லை.