பாலாற்றில் கழிவு கலந்தால் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்தால் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் நுரை மிதப்பது பல வருடமாக நடக்கிறது. வெள்ளத்தோடு வெள்ளமாகத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைத் திறந்துவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற துணிச்சல்தான் காரணம்.

ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் கழிவிலுள்ள உப்பு மணலில் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பெரும்பாலும் வண்டலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். பெருவெள்ளம் வரும்போது அந்த வண்டல் அரித்துக்கொண்டு கிளம்பி, கல்பாக்கம் அருகே வயலூரில் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே போன பிறகு அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. தடுப்பதென்றால் இங்கே, குழாய் வாயிலேயே தடுக்க வேண்டும். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், பிரிவு 24, மாசுப்பொருளைத் தெரிந்தே ஆற்றிலோ கிணற்றிலோ விடுவதைத் தடை செய்கிறது. கழிவுநீர் வெளியேற்றும் ஆலைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி ஆணை) வேண்டும். அதில் என்னென்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பது ரகசியமல்ல. பிரிவு 25(6)படி வாரியம் அதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யாரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம். நம் ஊர்களில் இந்த உரிமையைத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. நேரில் காட்ட மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புகார் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்களே பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீர் வழக்கில் சட்டப்படியான மாதிரி ஆகாது. வாரிய அதிகாரி பிரிவு 21இல் சொன்ன முறைப்படி எடுத்ததுதான் செல்லும். அதனால் கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலூர் அல்லது வாணியம்பாடி வாரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, இடம், நேரம், நிறம், நாற்றம் எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு அனுப்புங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கும் போகட்டும். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூர் ஆட்சியரிடமும், ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை ஆட்சியரிடமும், பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூர் ஆட்சியரிடமும் இருக்கின்றன.

நடவடிக்கை இல்லையா? பிரிவு 49படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் தொடுக்கலாம். அப்போது வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைக் கேட்டால் தர வேண்டும். பொதுநலனுக்கு ஆகாது என்று கருதுவதை மட்டும் மறுக்கலாம். பயிரோ கிணறோ கெட்டதற்கு இழப்பீடு வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் போக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய இழப்பீடு தனி விஷயம். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று நம் மாவட்டத்து வழக்கில்தான் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. தொகையை நிர்ணயிக்க அமைத்த ஆணையம் 2001இலும், பிறகு 2009இலும் உத்தரவு போட்டது. அப்படியும் எல்லோருக்கும் பணம் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, விடுபட்டவர்களுக்குத் தமிழக அரசே 6 வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது. இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு இது மிகத் தாமதமான நீதி. ஆனாலும் உரிமை உரிமைதான்.

உங்கள் நிலத்துக்கு அந்த ஆணையத்தின் உத்தரவுகளில் தொகை சொல்லியிருந்து கைக்கு வரவில்லையென்றால், அப்போதைய பட்டா, சர்வே எண், நில உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணுள்ள ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.